சீட்டுக்கு அடியில் மஞ்சள் வயர்

2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் சென்னையை உலுக்கிவிட்டுப் போனபோது அம்பத்தூர் தொழிற்பேட்டை வெள்ளத்தில் கிடந்தது. பட்டறைகளுக்குள் இயந்திரங்கள் தண்ணீரில் நின்றன. தெருவோரம் நின்ற கார்களுக்குள்ளும் தண்ணீர் ஏறியது. அப்படி நனைந்த காருக்கு ஒர்க்‌ஷாப்பில் செய்யும் முதல் வேலைகளில் ஒன்று, நான்கு போல்ட்டைக் கழற்றி முன் சீட்டை வெளியே எடுத்து, அடியில் ஊறிக் கிடக்கும் கார்பெட்டை உரித்து வெயிலில் போடுவது. காய்ந்ததும் எல்லாவற்றையும் திரும்ப மாட்டுவார்கள். சாவியைத் திருப்பினால் இன்ஜின் ஓடும், ஏசி ஓடும், பாட்டும் கேட்கும். டேஷ்போர்டில் மட்டும், உட்கார்ந்திருக்கும் ஓர் ஆளும் அவர் முன்னால் ஒரு வட்டமுமாகச் சிவப்புப் படம் எரியும். அது அணையாது.

வெள்ளம் வந்தால்தான் என்றில்லை. கிழிந்த சீட்டை மாற்றினாலும், பழைய கார் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் வாங்கி வந்த வேறு மாடல் சீட்டை மாட்டினாலும், எலி கடித்த வயரைத் தேடிச் சீட்டைத் தூக்கினாலும் இதே படம் எரியலாம். ஆவடியிலோ பூந்தமல்லியிலோ எந்த மெக்கானிக்கிடம் கேட்டாலும் ‘ஏர்பேக் லைட்’ என்று உடனே சொல்லிவிடுவார். உட்காரும் சீட்டுக்கும் ஏர்பேக்குக்கும் என்ன சம்பந்தம் என்பதைத்தான் கார் வைத்திருக்கும் பலர் யோசித்திருக்க மாட்டார்கள்.

சீட்டைக் கழற்றியவர்கள் அடியில் மஞ்சள் நிற உறை போட்ட வயரைப் பார்த்திருப்பார்கள். அதன் முனையில் பெரும்பாலும் மஞ்சளாகவே ஒரு கப்ளர் இருக்கும். காரில் எத்தனையோ நிற வயர்கள் ஓடினாலும் ஏர்பேக் சம்பந்தப்பட்டவற்றுக்கு மஞ்சளை ஒதுக்கிவைப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். தெரியாமல் கை வைத்துவிடக் கூடாது என்பதற்கான எச்சரிக்கை அது. பல கார்களில் முன் சீட்டின் வெளிப்பக்க விளிம்பில், பஞ்சுக்குள்ளே, பக்கவாட்டு ஏர்பேக் ஒன்று மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. சில கார்களில் சீட் பெல்ட் பக்கிளை ஒரு நொடிக்குள் இறுக்கி இழுக்கும் சிறு வெடிகருவியும் சீட்டோடு சேர்ந்தே வரும். பெல்ட் மாட்டியிருக்கிறதா என்று சொல்லும் சுவிட்ச், பக்கத்துச் சீட்டில் ஆள் இருக்கிறாரா என்று பார்க்கும் மெல்லிய பாய், சில கார்களில் சீட் எவ்வளவு முன்னால் நகர்ந்திருக்கிறது என்று சொல்லும் சென்சார், இவற்றின் வயர்களும் அதே அடிப்பக்கத்தில்தான் சேர்கின்றன.

பதினைந்து வருடத்துக்கு முன்பு நம் ஊர் ஓட்டிய சின்னக் கார்களில் இவை பெரும்பாலும் கிடையாது. சீட் என்றால் இரும்புச் சட்டமும் பஞ்சும்தான். 2019 ஜூலை 1 முதல் ஓட்டுநர் ஏர்பேக்கும், முன் சீட் இரண்டுக்கும் பெல்ட் எச்சரிக்கையும் இந்தியாவில் கட்டாயமாயின. 2022 ஜனவரியிலிருந்து விற்கும் கார் எல்லாவற்றிலும் முன் சீட்டில் பக்கத்தில் இருப்பவருக்கும் ஏர்பேக் வேண்டும் என்றானது. ஆறு ஏர்பேக்கைக் கட்டாயமாக்கும் வரைவு வந்து, தள்ளிப்போய், கடைசியில் கைவிடப்பட்டது. ஆனால் சந்தை அந்தப் பக்கமாகவே நகர்ந்துவிட்டது. பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால் இருங்காட்டுக்கோட்டையில் வருகிற ஹூண்டாய் தொழிற்சாலை 1998-இல் சான்ட்ரோவோடு தொடங்கியது. அந்த நிறுவனம் 2023 அக்டோபரில், இந்தியாவில் விற்கும் தன் எல்லா மாடல்களிலும் ஆறு ஏர்பேக் இருக்கும் என்று அறிவித்தது. ஆறு ஏர்பேக் என்றால் அதில் இரண்டு வழக்கமாக முன் சீட்டுகளுக்குள்ளேயே இருக்கும். ஆகவே இனிமேல் புதுக் காரின் முன் சீட்டைக் கழற்றுபவர்கள் பெரும்பாலும் மஞ்சள் வயரைச் சந்திப்பார்கள்.

பக்கவாட்டு ஏர்பேக் ஏன் சீட்டுக்குள் இருக்க வேண்டும்? நேரம் இல்லாததால். நேருக்கு நேர் மோதும்போது காரின் மூக்குப் பகுதி நசுங்குகிறது. அந்த இரண்டு மூன்று அடி நசுங்கும் அவகாசத்தில் கம்ப்யூட்டர் முடிவெடுத்து, ஸ்டீரிங்கிலிருந்து பையை விரித்துவிடலாம். பக்கத்திலிருந்து ஒரு வண்டி வந்து இடித்தால் அந்த அவகாசம் கிடையாது. கதவுக்கும் உங்கள் விலா எலும்புக்கும் நடுவில் ஒரு சாண், மிஞ்சினால் ஒன்றரைச் சாண். மணிக்கு 50 கிலோமீட்டரில் வரும் வண்டி ஒரு மில்லி விநாடிக்கு 1.4 சென்டிமீட்டர் நகர்கிறது. 20 மில்லி விநாடியில் 28 சென்டிமீட்டர். நாம் ஒருமுறை கண் இமைப்பதற்கே 100 மில்லி விநாடிக்கு மேல் ஆகும். அதில் ஐந்தில் ஒரு பங்கு நேரத்துக்குள், மோதலை உணர்ந்து, இது குழியில் விழுந்த அதிர்ச்சியல்ல, உண்மையான மோதல்தான் என்று தீர்மானித்து, வாயுவை உண்டாக்கி, பையை விரித்து முடித்திருக்க வேண்டும். அதனால் பை உடம்புக்கு ஒட்டியே இருக்கிறது. சீட்டை முன்னே நகர்த்தினால் பையும் கூடவே நகர்கிறது.

இந்தப் பையை எழுப்புவது ஒரு மிகச் சிறிய கம்பி. கப்ளரிலிருந்து வரும் இரண்டு வயர்களின் நுனியில், தலைமுடியை விட மெல்லியதாக ஒரு மின்தடை இழை இருக்கிறது. அதைச் சுற்றி சிறிது வெடிமருந்து. தீபாவளிப் பட்டாசுக்குத் திரி எப்படியோ அப்படித்தான் ஏர்பேக்குக்கு அந்த இழை. அதன் வழியாக 1.2 ஆம்பியர் மின்சாரம் இரண்டு மில்லி விநாடி பாய்ந்தால் போதும். இழை பழுத்து, மருந்து பற்றி, அடுத்துள்ள வாயு வில்லையோ அழுத்தி அடைத்த வாயுக் குப்பியோ திறந்துகொள்ளும். 0.4 ஆம்பியருக்குக் கீழே இருந்தால் பற்றாது என்பதற்கும் உத்தரவாதம் வைத்துத்தான் அதைத் தயாரிக்கிறார்கள்.

வருடக்கணக்கில் ஒருமுறைகூட வேலை செய்யாமல் காத்திருந்து, வேலை வரும் அந்த ஒரே நொடியில் தவறாமல் வேலை செய்ய வேண்டிய பொருள் அது. ஓட்டிப் பார்த்துச் சோதிக்க வழியில்லை. சோதித்தால் வெடித்துவிடும். பின் அது நல்ல நிலையில் இருக்கிறதென்று எப்படித் தெரிந்துகொள்வது? பொறியாளர்கள் கண்டுபிடித்த வழியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள்மீது மதிப்பு கூடுகிறது. இழையின் மின்தடை ஏறக்குறைய 2 ஓம். ஏர்பேக் கம்ப்யூட்டர், கார் ஓடும் நேரமெல்லாம், அந்த இழை வழியே பற்றவைக்கும் அளவுக்கு வெகு கீழே, சில பத்து மில்லி ஆம்பியர் மின்சாரத்தை மட்டும் அனுப்பி மின்தடையை அளந்துகொண்டே இருக்கிறது. 2 ஓமை ஒட்டிப் பதில் வந்தால் இழை முழுசாக இருக்கிறது, வயர் அறுபடவில்லை, கப்ளர் மாட்டியிருக்கிறது என்று பொருள். கொஞ்சம் கூடினாலோ குறைந்தாலோ கம்ப்யூட்டர் அதைக் குறித்துவைத்துக்கொண்டு சிவப்பு விளக்கைப் போடுகிறது. பல கார்களில் அந்த விளக்கு எரிகிறவரை ஏர்பேக் விரியும் என்று நம்ப முடியாது.

இப்போது வெள்ளத்தில் நனைந்த கப்ளருக்கு வருவோம். செம்பில் பச்சையாகப் பிடிக்கும் களிம்பு நமக்குப் புதிதல்ல. காருக்குள் இருக்கும் சின்ன விளக்கின் வயர் முனையில் ஒரு ஓம் கூடினால் வெளிச்சம் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். பலர் கவனிக்கவும் மாட்டார்கள். 2 ஓமை எதிர்பார்த்திருக்கும் ஏர்பேக் சுற்றிலோ ஓர் ஓம் கூடுவது பாதிக்குப் பாதி மாற்றம். இரண்டு மூன்று ஓம் கூடினால் விளக்கு எரிந்துவிடும். வெள்ளம் வராவிட்டாலும் களிம்பு வரும். சீட் தினமும் முன்னும் பின்னும் நகர்கிறது, வண்டி அதிர்கிறது, கப்ளருக்குள் உலோக முனைகள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு உரசுகின்றன. உரசிய இடத்தில் பூச்சு தேய்ந்து ஆக்சைடு படிகிறது. இதைத் தவிர்க்கவே ஏர்பேக் கப்ளர்களின் முனைகளுக்குத் தங்க முலாம் பூசுவது வழக்கம். தங்கத்தில் களிம்பு பிடிக்காது. ஆறு லட்ச ரூபாய் காரில்கூட, சீட்டுக்கு அடியில், தூசிக்கு நடுவே, துளித் தங்கம் இருப்பது இதற்காகத்தான். சாண்ட்பேப்பர் போட்டு அந்த முனையைத் தேய்த்துச் சுத்தம் செய்தால் விளக்கு அன்றைக்கு அணையலாம். முலாமும் அதோடு போய்விடும். அடுத்த மழைக்கு முன்பே விளக்கு திரும்பி வரும்.

கப்ளருக்குள் இன்னொரு நுட்பம் இருக்கிறது. அதைப் பிடுங்கிய நொடியே, ஏர்பேக் பக்கத்து முனைகள் இரண்டையும் ஒரு சிறிய ஸ்பிரிங் தகடு தானாக இணைத்துவிடுகிறது. இரண்டு முனையும் ஒன்றாகிவிட்டால் அவற்றுக்கிடையே மின்னழுத்த வேறுபாடு இருக்காது. உலர்ந்த கையிலிருந்தோ பாலியஸ்டர் சட்டையிலிருந்தோ தாவும் நிலைமின்சாரம் இழையைப் பற்றவைக்காமல் இருக்க இப்படி ஒரு காவல். திரும்ப மாட்டும்போது எதிர்ப்பக்கத்துப் பிளாஸ்டிக் மூக்கு உள்ளே போய் அந்தத் தகட்டைத் தூக்கிவிடுகிறது. மூக்கு முக்கால்வாசிதான் போனால் தகடு தூக்கப்படாது. வயர் இணைந்திருக்கும், பார்வைக்கு எல்லாம் சரியாக இருக்கும், கம்ப்யூட்டருக்கு மட்டும் 2 ஓமுக்குப் பதில் பூஜ்யத்தை ஒட்டிய எண் வரும். சீட் மாற்றியபின் எரியும் விளக்குக்கு மிகச் சாதாரணமான காரணங்களில் இதுவும் ஒன்று. ‘டக்’ என்று சத்தம் கேட்டதோடு விடாமல், வேறு நிறத்தில் இருக்கும் இரண்டாவது பூட்டையும் தள்ளி அமுக்க வேண்டும். பல கார்களில் அந்த இரண்டாவது பூட்டு, முதலாவது முழுமையாகப் போகாவிட்டால் நகரவே நகராது. அது நகர மறுத்தால் பலவந்தம் செய்யக் கூடாது, கப்ளரைக் கழற்றித் திரும்ப மாட்ட வேண்டும்.

காரின் கம்ப்யூட்டரோடு இணைத்துக் கோளாறைப் படிக்கும் ஸ்கேனரைப் போட்டால் கிடைக்கும் குறியீடு, அதாவது ‘கோடு’, இதைத்தான் தன் மொழியில் சொல்கிறது. ஏர்பேக் கோடுகள் பாடியைக் குறிக்கும் ஆங்கில ‘B’ எழுத்தில் தொடங்கும், இன்ஜின் கோடுகள் பவர்டிரெயினைக் குறிக்கும் ‘P’ எழுத்தில். ‘மின்தடை அதிகம்’ என்று வந்தால் கப்ளர் கழன்றிருக்கிறது, களிம்பு பிடித்திருக்கிறது அல்லது வயர் அறுந்திருக்கிறது. ‘மின்தடை குறைவு’ என்றால் பெரும்பாலும் பாதி மாட்டிய கப்ளர். ‘எர்த்தில் ஷார்ட்’ என்றால் பெரும்பாலும் சீட்டை இறக்கும்போது, அது நகரும் தண்டவாளத்துக்கு அடியில் வயர் நசுங்கியிருக்கிறது. ஓட்டுநர் பக்கமா அடுத்த பக்கமா, பையா பெல்ட்டா என்பதும் கூடவே வரும். அதைப் படித்த மெக்கானிக் நேராக அந்த இடத்துக்குப் போகலாம், ஊகத்தில் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டியதில்லை. போனில் இணைத்துப் பார்க்கும் மலிவான கருவிகள் பெரும்பாலும் இன்ஜின் கோடுகளை மட்டும் படிப்பவை. ‘எரர் எதுவும் இல்லை’ என்று அது காட்டினால் ஏர்பேக் நலமாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஏர்பேக் கம்ப்யூட்டரோடு பேசத் தெரிந்த ஸ்கேனர் வேண்டும்.

சென்னையின் மேற்குப் புறநகருக்கு கார் மின்சாரம் புதிய விஷயமல்ல. அங்கே பாடி என்ற பகுதியில் லூகாஸ் டிவிஎஸ் 1961-இல் தொடங்கப்பட்டு ஸ்டார்ட்டர் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் செய்து வருகிறது. அந்த வட்டாரத்தில் தலைமுறைகளாகக் கை தேர்ந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் இருக்கிறார்கள். ஒரு பல்பும் இரண்டு வயரும் கொண்ட டெஸ்ட் லாம்ப்பை வைத்துக்கொண்டு எந்த வண்டியின் கோளாறையும் கண்டுபிடிக்கிற திறமை அவர்களுடையது. அம்பாசடர் காலத்துக்கு அது கச்சிதமான கருவி. மஞ்சள் வயரில் மட்டும் அது ஆபத்து. 21 வாட் இண்டிகேட்டர் பல்பு 12 வோல்ட்டில் 1.75 ஆம்பியர் இழுக்கும். பல்பு குளிர்ந்திருக்கும் முதல் நொடியில் அதைவிடப் பல மடங்கு. பற்றவைக்க 1.2 போதும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். சாதாரண மல்டிமீட்டரால் ஏர்பேக்கின் ஓமை அளப்பதையும் கார்த் தயாரிப்பாளர்கள் தடை செய்திருக்கிறார்கள். மின்சாரம் தெரிந்த கைகளுக்குத்தான் இதை முதலில் சொல்ல வேண்டும். தெரியாதவர் எப்படியும் கை வைக்க மாட்டார்.

விளக்கு மட்டும் அணைந்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு குறுக்கு வழி சந்தையில் உண்டு. ஏர்பேக் கப்ளரில் அதே அளவு ஓம் உள்ள சிறிய ரெசிஸ்டரைச் சொருகிவிடுவது. கம்ப்யூட்டர் கேட்கும், ரெசிஸ்டர் பதில் சொல்லும், விளக்கு அணையும். மோதல் வரும் நாளில் 1.2 ஆம்பியரும் அந்த ரெசிஸ்டரில் சூடாகிப் போகும், பை விரியாது. பெல்ட் பக்கிளில் சொருகி மணிச் சத்தத்தை நிறுத்தும் கிளிப்பும் இதே ரகம். 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணைய விற்பனை நிறுவனங்களுக்கு உத்தரவிட்டு, அந்தக் கிளிப்புகளுக்கான 13,118 விளம்பரங்களை நீக்கச் செய்தது. நல்ல காரியம். ரெசிஸ்டர் சொருகுவது அதைவிட ஒருபடி பெரிய தவறு என்பதுதான் என் கருத்து. கிளிப் போட்டவருக்குத் தான் பெல்ட் போடவில்லை என்பது தெரியும். ரெசிஸ்டர் வைத்த காரைப் பிற்பாடு வாங்குகிறவருக்குத் தெரியவே தெரியாது.

புதுப்பேட்டையிலிருந்து சீட் வாங்குவதில் தவறில்லை, பொருத்தம் பார்த்து வாங்க வேண்டும். பையில்லாத சீட்டை, பை இருந்த காரில் மாட்டினால் விளக்கு எரிவது நியாயம், கம்ப்யூட்டர் தேடும் பொருள் அங்கே இல்லை. தலைகீழாக நடப்பதுதான் கவலை. பக்கவாட்டுப் பையுள்ள சீட்டை, அந்த வயரிங்கே இல்லாத கீழ்ரகக் காரில் மாட்டினால் விளக்கு எரியாது. சீட் ஓரத்தில் ‘ஏர்பேக்’ என்ற பட்டி தெரியும், மஞ்சள் கப்ளர் எதிலும் சேராமல் அடியில் தொங்கும், உட்காருபவர் பாதுகாப்பு இருப்பதாக நம்புவார். சீட் எந்த வருடத்தது, எத்தனை வெள்ளம் பார்த்தது என்பதும் முக்கியம். ஜப்பானின் டகாட்டா நிறுவனத்தின் ஏர்பேக்குகளில் அம்மோனியம் நைட்ரேட் பயன்படுத்தினார்கள். வெப்பமும் ஈரமும் மாறி மாறி வந்த ஊர்களில் வருடங்கள் செல்லச் செல்ல மருந்து சிதைந்து, உலோகக் குப்பியே துண்டுகளாகச் சிதறியது. அமெரிக்காவில் மட்டும் 25 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள், 2017-இல் நிறுவனம் திவாலானது. அவை பெரும்பாலும் முன்பக்கப் பைகள், மருந்தும் வேறு. இருந்தாலும் வருடம் முழுக்கப் புழுங்குகிற சென்னையில் வயது தெரியாத ஏர்பேக்கை வாங்கும்போது நினைத்துப் பார்க்க வேண்டிய கதை அது.

புதுக் காரை எடுத்த கையோடு சீட் கவர் தைக்கும் வழக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். பக்கவாட்டுப் பை சீட் ஓரத்துத் தையலைப் பிரித்துக்கொண்டுதான் வெளியே வரும். அதன்மேல் கெட்டியான ரெக்ஸினை இறுக்கித் தைத்துவிட்டால் பை தாமதமாக வரும், அல்லது தவறான பக்கம் திரும்பும். இதற்கு எந்த விளக்கும் எரியாது, கம்ப்யூட்டருக்கு ஓம் தெரியுமே தவிர ரெக்ஸின் தெரியாது. ஓரத்தில் பைக்கென இளந்தையல் போட்ட கவர்கள் கிடைக்கின்றன. அதைக் கேட்டு வாங்குங்கள்.

சீட்டை முறையாகக் கழற்றுவது கடினமல்ல. சாவியைத் திருப்பி வண்டியை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். மோதலில் பேட்டரியே நசுங்கினாலும் பை விரிய வேண்டும் என்பதற்காக ஏர்பேக் கம்ப்யூட்டருக்குள் ஒரு கெப்பாசிட்டர் மின்சாரத்தைச் சேமித்து வைத்திருக்கும், அது வடிய நேரம் வேண்டும். ஒரு தயாரிப்பாளரின் கையேடு 90 விநாடி என்கிறது, இன்னொன்று 3 நிமிடம் என்கிறது. உங்கள் காரின் கையேடு சொல்வதைவிடக் குறையக் கூடாது, 10 நிமிடம் விட்டால் நஷ்டமில்லை. அதன்பிறகே மஞ்சள் கப்ளரைத் தொட வேண்டும். சீட் வெளியே இருக்கும்போது வண்டியை நகர்த்தவோ பாட்டுக் கேட்கவோ சாவியைத் திருப்பக் கூடாது. திருப்பிய உடனே கம்ப்யூட்டர் சீட்டைத் தேடும், கிடைக்காது, கோடு பதிவாகிவிடும். சில கார்களில் அந்தக் கோடு பின்னால் எல்லாம் சரியானாலும் தானாக அழியாது, ஸ்கேனர் வைத்துத்தான் அழிக்க வேண்டும். கப்ளரும் வயரும் பழுதில்லாமல், வெறும் பழைய பதிவால் மட்டும் விளக்கு எரிவது இப்படித்தான். மாட்டிய பிறகு சீட்டை முழுக்க முன்னும் பின்னும் தள்ளி வயர் எங்கும் சிக்கவில்லை என்று பார்த்துவிட்டுப் பேட்டரியை இணைக்கலாம்.

பேட்டரியைக் கழற்றி மாட்டியதால் மட்டும் வேறு சில விளக்குகளும் எரியலாம். ஸ்டீரிங் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்ற நினைவைச் சில கார்கள் இழந்துவிடும், ஸ்டீரிங்கை இரு கோடிக்கும் திருப்பினாலோ சிறிது தூரம் ஓட்டினாலோ அதனால் எரிந்த விளக்கு போய்விடும். நாள் முழுக்கக் கதவைத் திறந்துபோட்டு வேலை பார்த்ததில் பேட்டரி இறங்கி, வோல்ட் போதாமல் ஏபிஎஸ் விளக்கு எரிவதும் உண்டு. சார்ஜ் செய்தால் சரியாகும். ஏர்பேக் விளக்கு மட்டும் ஓட்ட ஓட்டச் சரியாகிவிடும் என்று விடக் கூடிய ரகம் அல்ல.

ஒர்க்‌ஷாப்பில் வண்டியை எடுக்கும்போது விளக்கு அணைந்ததா என்று கேட்பதோடு நிற்காதீர்கள். என்ன கோடு வந்தது, எந்தக் கப்ளர், எதைச் சரிசெய்தீர்கள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பழைய கார் வாங்கப் போனால் இன்னொரு சோதனை இருக்கிறது, செலவில்லாதது. சாவியைத் திருப்பியதும் அந்தச் சிவப்புப் படம் சில விநாடிகள் எரிந்து அணைய வேண்டும், பல கார்களில் ஆறு விநாடி. கம்ப்யூட்டர் எல்லா ஓமையும் அளந்து முடிக்கும் நேரம் அது. படம் எரியவே இல்லையென்றால் யாரோ பல்பைப் பிடுங்கியிருக்கிறார்கள் அல்லது கம்ப்யூட்டர் பேசவில்லை. அந்தக் காருக்கு விலை பேசுவதற்கு முன் ஸ்கேனர் போட்டுப் பாருங்கள்.